விசுவமடு பாதீட்டு வகுப்பு: போய்ப் படிக்கலாமா?

முல்லைத்தீவு மாவட்டத்து விசுவமடுவில் ஒரு தனியார் கல்வி நிலையத்தில், உயர்தரப் பிள்ளைகளின் வகுப்பு முடிந்த பிறகு, ஞாயிறு பின்னேரங்களில் பெரியவர்களுக்கென்று ஒரு வகுப்பு நடக்கிறது. அரசாங்கத்தின் வரவு செலவுத் திட்டத்தை, அதாவது பாதீட்டை, எப்படி வாசிப்பது என்பதுதான் பாடம். அரச கணக்காளராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா நடத்துகிறார். கட்டணம் இல்லை, போட்டோக்கொப்பிச் செலவுக்கு மட்டும் கொஞ்சக் காசு வாங்குகிறார்கள். நான் எங்கள் ஊர் மாதர் சங்கத்தின் பொருளாளர். சுழற்சிக் கடன் கொடுத்து வாங்கும் கணக்கு என் கையில்தான் இருக்கிறது. தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருந்து கேட்டேன். போகலாமா என்று பலர் கேட்கிறார்கள், அவர்களுக்காக எழுதுகிறேன். கட்டாயம் போங்கள்.

ஐயா கரும்பலகையில் முதலில் எழுதியது நாலே நாலு இலக்கம். 2025ஆம் ஆண்டுக்கு அரசு எதிர்பார்த்த வரவு 4,990 பில்லியன் ரூபா. செலவு 7,190 பில்லியன். துண்டு விழும் தொகை 2,200 பில்லியன். வட்டிக்கு மட்டும் 2,950 பில்லியன். "இந்த நாலையும் கொஞ்ச நேரம் பாத்துக்கொண்டிருங்கோ பிள்ளையள்" என்று சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்துவிட்டார். பின்வாங்கில் இருந்த கடைக்காரத் தம்பி ஒருவர்தான் முதலில் பிடித்தார். "ஐயா, வட்டியை விட்டுட்டுப் பாத்தா காசு மிஞ்சுதே!"

உண்மைதான். வட்டியைக் கழித்தால் செலவு 4,240 பில்லியன், வரவு அதைவிட 750 பில்லியன் கூட. இதைத்தான் முதன்மை மிகை என்று செய்தியில் சொல்கிறார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 2.3 வீதம் இப்படி மிஞ்ச வேண்டும் என்பது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியத்தோடு தொடங்கிய திட்டத்தின் இலக்கு. அதாவது இன்றைய சம்பளம், ஓய்வூதியம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் வரிக் காசு போதும். அந்த ஆண்டுக் கணக்கில் பழைய கடனின் வட்டிதான் வரவில் 100 ரூபாவுக்கு 59 ரூபாவை எடுத்துக்கொண்டு போனது. அதனால் செலவழிக்கிற ஒவ்வொரு 100 ரூபாவிலும் 31 ரூபாவளவு புதுக் கடன், திறைசேரி உண்டியல், முறி என்று அரசு விற்கும் கடன் பத்திரங்களாக. இவ்வளவையும் ஒருவரையும் பயப்படுத்தாமல் ஐயா விளங்கப்படுத்தினார். அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

வரவைப் பற்றிய பாடமும் நன்றாக இருந்தது. சந்தையில் மரக்கறி விற்கும் ஒரு அக்கா, "நான் வரி கட்டுறேல்லைத்தானே ஐயா, இதைப் படிச்சு என்ன?" என்று கேட்டார். ஐயா அவர் போட்ட ரீலோட்டையும் வாங்கிய சவர்க்காரத்தையும் வைத்தே அவர் எவ்வளவு கட்டுகிறார் என்று காட்டினார். பெறுமதி சேர் வரி 2019 டிசம்பரில் 15இலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டது. 2022இல் 12, பிறகு 15, 2024 ஜனவரியில் 18 வீதம். குறைத்தபோது நல்ல விஷயம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் அரசின் வருமானம் நாட்டின் மொத்த உற்பத்தியில் 8 வீதத்தளவுக்கு விழுந்தது, குறையை நிரப்ப மத்திய வங்கி காசு அச்சிட்டது, 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடன் கட்டுவது நின்றது, அந்த செப்டெம்பரில் விலைவாசி ஏற்றம் 70 வீதத்தை நெருங்கியது. மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்றது எல்லோருக்கும் நினைவிருக்கும். 2023இல் வந்த மத்திய வங்கிச் சட்டத்தின்படி அப்படி அச்சிட்டு அரசுக்குக் கொடுக்க இனி முடியாது. வரியும் கடனும்தான் வழி. அந்த அக்கா அதற்குப் பிறகு ஒரு வகுப்பும் விடவில்லை.

திரும்பத் திரும்ப வரும் மீண்டுவரும் செலவு, நின்று பயன்தரும் சொத்துக்குப் போகும் மூலதனச் செலவு என்ற பிரிப்பு, சங்கக் கணக்கு எழுதுகிற எனக்குச் சுலபமாக விளங்கியது. கிணறு கட்டக் கடன் கேட்டு வருபவருக்கும் சாமத்திய வீட்டுக்குக் கடன் கேட்டு வருபவருக்கும் நாங்கள் ஒரே மாதிரியா கொடுக்கிறோம்? நெல்லுக்கு ஹெக்டேயருக்கு 25,000 ரூபா தரும் உர மானியம் மீண்டுவரும் செலவு. பாலமும் குளக்கட்டும் மூலதனச் செலவு. துண்டு விழுவதை விட, வாங்கிய கடன் எதில் போய் விழுகிறது என்பதைத்தான் பார்க்க வேண்டும் என்று ஐயா பலமுறை சொன்னார்.

ஆனால் இந்த வகுப்பிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பெரிய விஷயம் வேறு. அது நாட்காட்டி.

அரசின் நிதியாண்டு ஜனவரி 1இல் தொடங்கி டிசம்பர் 31இல் முடிகிறது. பாராளுமன்றம் ஒதுக்கினால் செலவழிக்க அனுமதி கிடைக்கிறது, அவ்வளவுதான். காசைத் திறைசேரி கட்டம் கட்டமாக விடும். ஆண்டு முடிவில் செலவாகாத ஒதுக்கீடு காலாவதியாகிவிடும், அடுத்த ஆண்டில் திரும்பவும் ஒதுக்க வேண்டும். 2024இல் இரண்டு தேர்தல் வந்ததால் 2025இன் முதல் நாலு மாதத்துக்கு, முழுப் பாதீடு வரும்வரை செலவழிக்க அனுமதி தரும் இடைக்காலக் கணக்கறிக்கை போட்டார்கள். பாதீடு வாசிக்கப்பட்டது பெப்ரவரி 17, நிறைவேறியது மார்ச் 21. அதற்குப் பிறகு மதிப்பீடு, கேள்விப்பத்திரம் (டெண்டர்), ஒப்பந்தம். வன்னியில் ஒக்டோபர் கடைசியில் மழை பிடித்தால் றோட்டு வேலை நின்றுவிடும். ஆக எங்களுக்கு வேலை செய்யக்கூடிய மாதங்கள் எத்தனை மிஞ்சும் என்று நீங்களே விரல் விட்டுப் பாருங்கள்.

முல்லைத்தீவு வட்டுவாகல் பாலத்தையே ஐயா உதாரணமாக எடுத்தார். 2009 மே மாதத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் கடந்து வந்த பாலம் அது. அதைப் புதிதாகக் கட்ட 2025 பாதீட்டில் 1,000 மில்லியன் ரூபா ஒதுக்கினார்கள். வேலை தொடங்கி வைக்கப்பட்டது செப்டெம்பர் 2ஆம் திகதி. பெரிய தொகையைக் கேட்டு மகிழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடாது, எப்போது கேள்விப்பத்திரம், எப்போது காசு, எவ்வளவு செலவானது என்று கேட்க வேண்டும். 2026க்கான பாதீடு 2025 நவம்பர் 7இல் வாசிக்கப்பட்டு டிசம்பர் 5இல் நிறைவேறியது. ஆண்டு தொடங்க முதலே நிறைவேறினால் மழைக்கு முதல் வேலை செய்ய மாதங்கள் கூட மிஞ்சும், அதனால் எங்கள் பக்கத்துக்கு அந்த இரண்டு திகதிகளும் எந்தத் தொகையையும் விட முக்கியம் என்று இப்போது நினைக்கிறேன்.

இனிக் குறைகள். தகரக் கூரை, இரண்டு மணிக்கு உள்ளே இருக்க ஏலாது. நாலு மணிக்கு மாற்றினால் வயதானவர்களும் வருவார்கள். கடன் மறுசீரமைப்புப் பகுதியை ஐயா விரைவாக ஓட்டிவிட்டார். வெளிநாட்டுக் கடனையும் உள்நாட்டுக் கடனையும் தனித்தனியாக வைத்து விளங்கப்படுத்த இன்னொரு கிழமை ஒதுக்கியிருக்கலாம். எனக்குப் பெரிய குறை, மாகாணக் கணக்கு வராததுதான். வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது, இன்னும் தேர்தல் இல்லை. கொழும்பிலிருந்து மாகாணத்துக்கு வரும் காசை மக்கள் தெரிவுசெய்த சபையே இல்லாமல் எப்படிப் பங்கிடுகிறார்கள் என்பது எங்களுக்குத்தான் முதலில் தெரிய வேண்டியது.

கமக்காரர் அமைப்பு, கிராம அபிவிருத்திச் சங்கம், மாதர் சங்கம் எதிலாவது பதவியில் இருப்பவர்கள் தவறாமல் போங்கள். உயர்தர வர்த்தகப் பிள்ளைகளுக்கும் நல்லது, ஆனால் பரீட்சைக் குறிப்பு எதிர்பார்த்துப் போனால் கிடைக்காது. கொப்பி, பேனை, கல்குலேட்டர் மூன்றும் கொண்டுபோங்கள், ஐயா சும்மா இருந்து கேட்க விடமாட்டார். பரந்தன் முல்லைத்தீவு வீதியால் வரும் பஸ்ஸில் வரலாம். திரும்பும் பஸ்ஸை முதலே விசாரித்து வையுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் பொழுதுபட்டால் குறைவு. மாகாணக் கணக்கைப் பற்றி நான் கேட்டபோது, "பதினைஞ்சு பேர் சேர்ந்து கேட்டால் அதையும் எடுக்கிறன் தங்கச்சி" என்றார். எங்கள் சங்கத்திலிருந்து ஒன்பது பேர் பெயர் தந்திருக்கிறோம், ஆறு பேர் வேண்டும்.