ரெனிகேட் ஸ்னேர்ஸ்: அசலா, ஃபவுல் பிளே ரீமிக்ஸா?

ஆம்னி ட்ரியோ என்ற பெயரில் ராப் ஹேய் 1993-இல் மூவிங் ஷேடோ என்ற இசை வெளியீட்டு நிறுவனத்துக்காகச் செய்த ஜங்கிள் (வேகமான டிரம்ஸ் கொண்ட மின்னணு நடன இசை) பாட்டுதான் ‘ரெனிகேட் ஸ்னேர்ஸ்’. ஃபவுல் பிளே குழு செய்த ரீமிக்ஸும் அதே நிறுவனத்தின் வெளியீடுதான்.

அசலில் பியானோதான் உயிர். அந்தச் சில சுரங்கள் வந்ததும் மனசு லேசாகிவிடும். டிரம்ஸ் வேகமாக ஓடினாலும் பியானோவுக்கு இடம்விட்டே ஓடுகிறது. இரவில் தனியாக உட்கார்ந்து கேட்க எனக்கு இதுதான் பிடிக்கும்.

ரீமிக்ஸ் வேறு ரகம். பியானோவைத் தொலைக்கவில்லை; ஆனால் தலைப்பில் இருக்கும் ஸ்னேர் (‘சடக்’ என்று ஒலிக்கும் டிரம்) இங்கேதான் உண்மையிலேயே ரெனிகேட்டாக, அதாவது கலகக்காரனாக, கலகம் செய்கிறது. அடிகளைப் பொடிப்பொடியாக நறுக்கி, முன்பின்னாக மாற்றி அடுக்கியிருக்கிறார்கள். அடுத்த அடி எங்கே விழும் என்று காது ஊகிப்பதற்குள் அது விழுந்துவிடுகிறது. எத்தனை முறை கேட்டும் எனக்கு அந்தச் சிலிர்ப்பு குறையவில்லை. நடன அரங்குக்கு இதற்கு இணையில்லை.

இதை 12 அங்குல வினைல் இசைத்தட்டில் கேட்பது தனி சுகம். ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு பாட்டுகளே இருப்பதால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை அகலமாக வெட்ட முடியும். அதனால் பேஸ் (தாழ்ந்த ஒலி) நெஞ்சில் வந்து இடிக்கும். நிறைய பாட்டுகளை நெருக்கி அடைத்த தொகுப்புத் தட்டில் அந்தக் கனம் கிடைப்பது கடினம்.

ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தயங்காமல் ரீமிக்ஸ் தட்டைத் தேடுங்கள். பழைய பிரதி என்றால் கீறல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். அசலை அப்புறம் தேடிக்கொள்ளலாம்.