பாளையங்கோட்டை வீட்டில் கடல்நீர்த் தொட்டி: நான்கு வருஷ அனுபவம்

2021 ஜூனில் கடல்மீன் தொட்டிக்குக் கண்ணாடி வெட்டக் கொடுத்தேன். நான்கு வருஷம் தாண்டிவிட்டது. நடுவில் ஒரு கசிவு, நாலு கோடை, ஒரு பெருவெள்ளம் எல்லாம் பார்த்தாயிற்று. நெல்லைச் சீமையில் யாராவது வீட்டில் பவளப்பாறை மாதிரித் தொட்டி வைக்க நினைத்தால் அவர்களுக்காக இதை எழுதுகிறேன். சென்னைக்காரர்களும் கொச்சிக்காரர்களும் சொல்லும் கணக்கு நம் ஊர் வெயிலுக்கும் காற்றுக்கும் அப்படியே ஒத்துவருவதில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் தொட்டியில் உயிர்ப் பவளம் கிடையாது. ஆச்சி வீடு தூத்துக்குடி. அந்தப் பழைய வீட்டுச் சுவரில் காரை உதிர்ந்த இடத்தில் பூப்பூவாக ஓட்டை விழுந்த கல் தெரியும். அதைத் தடவிக்கொண்டே வளர்ந்தேன். கடலுக்குள்ளிருந்து வெட்டி எடுத்த பவளக்கல் அது என்று பிறகுதான் தெரிந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டி வெட்டியே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் போய்விட்டன. 2001 முதல் பாறை கட்டும் பவளம் எல்லாமே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. உயிரோடு இருந்தாலும் செத்த எலும்புக்கூடாக இருந்தாலும் எடுக்கவோ விற்கவோ கூடாது. ஒரு கடையில் மென்பவளத் துண்டு காட்டினார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டேன், வெளிநாட்டுச் சரக்கு என்றார்கள். தாள் கேட்டேன், இல்லை. வாங்காமல் வந்துவிட்டேன். அதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம் இல்லை.

இனி கண்ணாடி. எங்கள் முன்னறையில் இரண்டு கதவுக்கு நடுவே சரியாக நாலடிச் சுவர்தான் இருக்கிறது. கடையில் கிடைக்கும் தொட்டி எதுவும் பொருந்தவில்லை. 1200 எம்.எம். நீளம், 600 அகலம், 600 உயரம் என்று அளவு எழுதி முருகன்குறிச்சிப் பக்கம் ஒரு கண்ணாடிக் கடைக்குப் போனேன்.

“எட்டு எம்.எம்.மே தாராளம்லா தம்பி, எதுக்கு வீணா துட்டக் கொட்டுதீங்க?” என்றார் கடைக்கார அண்ணாச்சி. அவர் செய்து பழகியதெல்லாம் ஒன்றரை அடி உயரத் தொட்டி. கண்ணாடியைத் தள்ளும் அழுத்தம் தண்ணீரின் உயரத்தைப் பொறுத்தது. அது எவ்வளவு வளையும் என்பது நீளத்தைப் பொறுத்தது. நாலடி நீளத்துக்கு இரண்டடி தண்ணீர் நிற்க வேண்டுமென்றால் 12 எம்.எம். போடுங்கள். மேலே சுற்றிலும் அதே கனத்தில் கண்ணாடிப் பட்டி ஒட்டுங்கள். பக்கக் கண்ணாடி முன்னுக்கும் பின்னுக்கும் நடுவில் உட்காரும். அதனால் 600-இல் இரண்டு கனம் 24 போய், சிலிக்கானுக்கு இரண்டு பக்கமும் ஒன்றரை விட்டு, 573 என்று வெட்டச் சொன்னேன். விளிம்பு மெஷினில் தேய்த்ததாக இருக்கட்டும். கையால் தேய்த்தால் மேடு பள்ளம் வரும்.

தண்ணீர் வழிந்து கீழ்த் தொட்டிக்கு, அதாவது தண்ணீரைச் சுத்தம் செய்ய அடியில் வைக்கும் தொட்டிக்குப் போகப் பின்கண்ணாடியில் இரண்டு ஓட்டை. டெம்பர் செய்த, அதாவது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடியில் ஓட்டை போட முடியாது, சிதறிவிடும். சாதாரணக் கண்ணாடியைத் தரையில் படுக்க வைத்து, சப்பாத்தி மாவை வட்டமாகக் கரை கட்டி, உள்ளே தண்ணீர் ஊற்றி, வைரத்தூள் பிட்டால் அழுத்தாமல் சுற்ற விட்டேன். கண்ணாடி மாவு பால் மாதிரி பொங்கி வரும். கடைசி ஒரு எம்.எம்.மில் சத்தம் மாறும். அப்போது கையை இன்னும் லேசாக்க வேண்டும். ஒரு ஓட்டைக்கு இருபது நிமிஷம் ஆனது.

சிலிக்கானில்தான் தப்பு செய்தேன். பூஞ்சை பிடிக்காது என்று எழுதியிருக்கும் குளியலறை சிலிக்கானை வாங்காதீர்கள், அதிலுள்ள மருந்து மீனுக்கு விஷம். காய்கிற வரை வினிகர் வாடை அடிக்கிற சாதாரண வகை போதும். நான் வாங்கியது சரியானதுதான். கடைசிக் கண்ணாடிக்குச் சிலிக்கான் இழுத்துவிட்டு, வந்த போனை எடுத்துப் பேசிவிட்டேன். பத்து நிமிஷத்துக்குள் அது மேலே ஆடை கட்டிவிடும். அதற்குப் பிறகு அழுத்தினால் ஒட்டினது மாதிரித் தெரியும், பிடிக்காது. 2023 ஏப்ரலில் பின்மூலையில் வெள்ளை நூல் மாதிரி உப்பு பூத்திருந்தது. துடைத்தேன், மறுநாளும் அதே இடத்தில் பூத்தது. மேலே கொஞ்சம் பூசிவிடலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். காய்ந்த சிலிக்கான் மேல் புதுச் சிலிக்கான் ஒட்டாது. மீனையும் கல்லையும் நீல டிரம்முக்கு மாற்றி, அந்தப் பக்கக் கண்ணாடியைத் தூண்டில் நரம்பால் அறுத்துக் கழற்றி, பழையதைப் பிளேடால் ஒரு துளி விடாமல் சுரண்டி, அசிட்டோனால் துடைத்து, மறுபடி ஒட்டினேன். ஒரு வாரம் காயவிட்டேன். இன்று வரை கசிவு இல்லை.

தண்ணீர், கல், கண்ணாடி, கீழ்த் தொட்டி எல்லாம் சேர்ந்து கிட்டத்தட்ட 700 கிலோ வரும். தரைத்தளம் என்பதால் துணிந்தேன். இரண்டு அங்குலச் சதுர இரும்புக் குழாயில் ஸ்டாண்டு வெல்டிங் செய்து, ரசமட்டம் பார்த்து, மேலே தெர்மாகோல் விரித்துத் தொட்டியை வைத்தோம்.

எங்கள் வீட்டுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் கேட்ட கேள்வி, “பக்கத்துல தூத்துக்குடி இருக்கு, அந்த உப்பப் போட்டா ஆகாதா?” ஆகாது. உப்பளப் பாத்தியில் கடல்நீர் சுண்டும்போது கால்சியத்தில் பெரும்பகுதி ஜிப்சமாக முதலிலேயே படிந்துவிடும். அடுத்து உப்பு பூக்கும். மெக்னீசியம் மிஞ்சிய கழிநீரோடு போய்விடும். நம் கைக்கு வருவது சோடியம் குளோரைடு, கடல் அதில் இல்லை. தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்பைத்தான் ஆர்.ஓ. தண்ணீரில் கரைக்கிறேன். அடர்த்தி 1.025. தாமிரபரணித் தண்ணீர் குடிக்க அமுதம்தான். ஆனாலும் குழாய்த் தண்ணீரை நேராக ஊற்றினால் குளோரின் மீனுக்கு ஆகாது, சிலிகேட் இருந்தால் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி படியும்.

தூத்துக்குடிக் கல் உப்பு வேறொன்றுக்கு அருமையாக உதவியது. என் பாறையை நானே வார்த்தேன். ஒரு பங்கு வெள்ளை சிமெண்ட், மூன்று பங்கு கோழித் தீவனக் கடையில் விற்கும் உடைத்த சிப்பி, ஒரு பங்கு கல் உப்பு. ஈர மணலில் குழி பறித்து அதில் கொட்டினேன். இறுகிய பிறகு தண்ணீரில் போட்டால் உப்பு கரைந்து, கல் முழுக்கத் துளை விழுகிறது. அந்தத் துளைகளில்தான் கழிவைத் தின்னும் பாக்டீரியா குடியேறும். ஒரு எச்சரிக்கை: புதுச் சிமெண்ட் தண்ணீரைக் காரமாக்கும். எட்டு வாரம் ஊறவைத்து, நாலு நாளுக்கு ஒரு முறை தண்ணீர் மாற்றி, பி.எச். 8.3-க்கு இறங்கிய பிறகே தொட்டியில் வைத்தேன். நாகர்கோவில் நண்பர் தன் தொட்டிக் கண்ணாடியில் சுரண்டிய இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசித் துகளை ஒரு டப்பாவில் கொடுத்தார். ஒரு வருஷத்தில் அது என் கல்லெல்லாம் ஏறிவிட்டது. ஆச்சி வீட்டுச் சுவர்க்கல் உயிரோடு இருந்தபோது எப்படி இருந்திருக்கும் என்று எனக்குக் காட்டியது அந்த நிறம்தான்.

வெயில்தான் இங்கே பெரிய பாடு. ஏப்ரல், மே மாதம் ஒன்றும் செய்யாவிட்டால் தொட்டித் தண்ணீர் 32-ஐத் தொடும். மன்னார் வளைகுடாப் பவளங்களே 1998, 2010, 2016 வருஷங்களில் கடல் சூடாகி வெளிறிப்போயின. நான் முதல் கோடையில் சின்ன ஃபேன்களைத் தண்ணீர்ப்பரப்பு மேல் வீச வைத்தேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தினமும் ஆறு லிட்டர் ஆவியாகும். தண்ணீர்தான் போகும், உப்பு அப்படியே நிற்கும். அந்த ஆறு லிட்டரையும் நல்ல தண்ணீராகத் தினமும் நிரப்பாவிட்டால் உப்பு ஏறி மீன் தவிக்கும். தானாக நிரப்பும் மிதவை வைத்தது நான் செய்த நல்ல செலவுகளில் ஒன்று. இரண்டாம் கோடையில் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லர் வாங்கினேன். கோடையில் இரண்டு மாத பில்லில் 300 யூனிட் கூடுகிறது. ஜூன், ஜூலையில் தென்மேற்குக் காற்று அடிக்கத் தொடங்கிவிட்டால் சில்லரை அணைத்துவிட்டு ஃபேனிலேயே ஓட்டுகிறேன், 27-இல் நிற்கிறது.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. அன்று பெய்த மழை இந்தப் பக்கத்தில் யாருக்கும் மறக்காது. ராத்திரி கரண்ட் போனது. விடியும்போது இன்வெர்ட்டரும் நின்றது. தண்ணீர் ஓடாத தொட்டியில் முதலில் தீர்வது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்பு ஒன்று இருந்தது, அதைப் போட்டேன். போதவில்லை. நானும் என் மகளும் அம்மாவும் முறை வைத்து, சொம்பில் தண்ணீர் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றினோம். அரை மணிக்கு ஒரு தடவை, ஒவ்வொரு தடவையும் ஐம்பது சொம்பு. இரை போடவே இல்லை. “ஏ ஐயா, நீ செத்த நேரம் தூங்கு, நான் ஊத்துதேன்” என்று அம்மா மெழுகுவத்தி வெளிச்சத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டரை நாள் கழித்துக் கரண்ட் வந்தது. ஒரு டாம்செல் மீன் போய்விட்டது, மற்றவை பிழைத்தன. பேட்டரி பம்பு இரண்டும், அதற்கு மாற்று பேட்டரியும் இல்லாமல் நம் ஊரில் இந்தத் தொட்டியை ஆரம்பிக்கவே வேண்டாம்.

மீன் எல்லாம் பண்ணையில் பொரித்தவை. கோமாளி மீனைக் குஞ்சு பொரிக்க வைக்கும் முறையை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் எப்போதோ கொண்டுவந்துவிட்டது. கடலில் பிடித்ததை வாங்க ஒரு காரணமும் இல்லை. கடலில் அவை குடியிருக்கும் கடல் சாமந்தி என்ற பூப்போன்ற உயிர் இல்லாமலே தொட்டியில் நன்றாக இருக்கும். நான் ஒரு காருகுறிச்சி மண்கலயத்தைச் சாய்த்து வைத்தேன், ஜோடி அதையே வீடாக்கிக்கொண்டது. குஞ்சில் எல்லாமே ஆண்தான். இரண்டில் பெரியது பெண்ணாக மாறும். சென்ற வருஷம் ஒரு சாயங்காலம் கலயத்தின் உள்பக்கம் ஆரஞ்சு நிறத்தில் முட்டை ஒட்டியிருந்தது. ஆண் மீன் இரவும் பகலும் துடுப்பால் விசிறிக்கொண்டே நின்றது. ஆறாம் நாள் டார்ச் அடித்துப் பார்த்தால் ஒவ்வொரு முட்டையிலும் வெள்ளிப் புள்ளியாக இரண்டு கண். எட்டாம் நாள் ராத்திரி பொரிந்தன.

முதல் இரண்டு தடவை பொரிந்த குஞ்சுகளும் பிழைக்கவில்லை. அந்தக் குஞ்சின் வாய்க்கு ரோட்டிஃபர் என்ற நுண்ணுயிர்தான் அடங்கும், அதை முன்கூட்டியே வளர்த்து வைத்திருக்க வேண்டும். மூன்றாம் தடவைக்கு வைத்திருந்தேன். இருபது நாள் ஆகிறது. இன்று காலையில் அம்மா எண்ணினாள், பதினொன்று இருக்கின்றன. பத்துக்கு வெள்ளைப் பட்டை விழுந்துவிட்டது, ஒன்றுக்கு இன்னும் வரவில்லை.