"போர்டு போச்சு" என்றால் உடனே தலையாட்டாதீர்கள்

பழைய லேப்டாப்பில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்) போட யாரிடமாவது கொடுக்கப் போகிறீர்கள் என்றால் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்.

என்னுடையது பென்டியம் எம் (இன்டெலின் பழைய லேப்டாப் சிப்) காலத்து மெஷின். பயாஸில் (மெஷின் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) பூட் வரிசையை, அதாவது எதிலிருந்து மெஷின் தொடங்கலாம் என்ற பட்டியலைத் திறந்தால் ஹார்ட் டிஸ்க், சிடி, நெட்வொர்க், அவ்வளவுதான். யுஎஸ்பி என்ற பேச்சே இல்லை. சிடி டிரைவோ எப்போதோ படுத்துவிட்டது. "எந்த மாடலாக இருந்தாலும் லினக்ஸ் போட்டுத் தருகிறோம்" என்று விளம்பரம் செய்த ஒரு சர்வீஸ் சென்டரில் கொடுத்தேன்.

போன் வந்தது. "சார், யுஎஸ்பி கன்ட்ரோலர் போயிடுச்சு. போர்டு மாத்தணும்."

"முந்தாநாள்கூட அதே போர்ட்டில் பென் டிரைவ் செருகி ஃபைல் காப்பி செய்தேனே?"

"அது வேற லைன் சார், பூட்டுக்கு வேற லைன்."

அப்படி ஒரு லைனும் கிடையாது. அந்தக் காலத்து பயாஸ் பலவற்றில் யுஎஸ்பியிலிருந்து பூட் செய்யும் வசதியே இருக்காது. விண்டோஸுக்குள் போனபின் பென் டிரைவ் திறக்கிறதென்றால் போர்ட்டும் கன்ட்ரோலரும் உயிரோடு இருக்கின்றன என்று அர்த்தம்.

வேண்டாம், திருப்பித் தாருங்கள் என்றேன். 'செக்கிங் சார்ஜ்' வாங்கிக்கொண்டுதான் கொடுத்தார்கள். வீட்டில் ஆன் செய்தால் டிஸ்க் காலி. லினக்ஸ் ஏறவே இல்லை, ஆனால் ஃபார்மட் மட்டும் முடிந்திருக்கிறது! பயாஸில் ரேம் 2 ஜிபிக்குப் பதில் 1 ஜிபி காட்டியது. பின்மூடியைக் கழற்றிப் பார்த்தேன். ஒரு ஸ்லாட் வெறுமையாக இருந்தது. கேட்டால், "வந்தப்பவே அப்படித்தான் சார்." மெஷினை வாங்கும்போது எழுதித் தரும் ஜாப் ஷீட்டில் 'லேப்டாப், சார்ஜர்' என்று மட்டும்தான் எழுதியிருந்தார்கள், எதை வைத்துச் சண்டை போடுவது?

அப்புறம் நானே ஹார்ட் டிஸ்கைக் கழற்றி, ஐடிஇ-யுஎஸ்பி அடாப்டர் (பழைய வகை டிஸ்கை யுஎஸ்பியில் இணைக்கும் கருவி) வழியாக வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டி, 32 பிட் டெபியன் 12 (லினக்ஸில் ஒரு வகை) நிறுவி, திரும்பப் பொருத்தினேன். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் பூட் ஆகும்போதே வன்பொருளைக் கண்டுபிடித்து டிரைவர்களை ஏற்றிக்கொள்ளும். அதனால் மெஷின் மாறினாலும் பெரும்பாலும் எழுந்துவிடும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும். நிறுவப் பயன்படுத்தும் அந்த வேறு கம்ப்யூட்டரில் இன்ஸ்டாலரை லெகஸி முறையில் (பழைய பயாஸ் வழி) பூட் செய்யுங்கள், யுஇஎஃப்ஐ முறையில் (பயாஸுக்குப் பின் வந்த புதிய வழி) போட்டால் பழைய பயாஸுக்குப் புரியாது. கிரப் (லினக்ஸைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்) எந்த டிஸ்கில் ஏற வேண்டும் என்று கேட்கும்போது பழைய டிஸ்கையே காட்டுங்கள், இல்லையென்றால் நல்ல கம்ப்யூட்டரின் பூட் குழம்பிவிடும். டெபியன் 13இல் 32 பிட் இன்ஸ்டாலர் கிடையாது, தேடி அலைய வேண்டாம்.

சிடி டிரைவ் வேலை செய்தால் இத்தனை பாடே இல்லை. பிளாப் பூட் மேனேஜர் என்ற சிறு நிரலை சிடியில் எழுதி பூட் செய்தால், அது தன் சொந்த யுஎஸ்பி டிரைவரை வைத்துப் பென் டிரைவை எழுப்பிவிடும்.

வெளியில்தான் கொடுக்க வேண்டும் என்றால், ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு, கேட்காமல் டேட்டாவை அழிக்கக் கூடாது என்பதையெல்லாம் ஜாப் ஷீட்டில் எழுதச் சொல்லுங்கள். பயாஸ் திரையையும் ரேம் ஸ்லாட்டையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். எழுத மறுத்தால் அங்கே கொடுக்கவே வேண்டாம்.