கொதிக்க வைப்பதா, ஆர்ஓ-வா, பிளீச்சிங் பவுடரா? கன்று கட்டிய வீட்டுக்கு எது சரி

தர்மபுரி மாவட்டத்தில் பென்னாகரம் பக்கம் எங்கள் வீடு. வாசலுக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் இடையே பத்தடிகூட இருக்காது. போன ஆடியில், பிறந்து பத்து நாளான கன்றுக்குட்டி மஞ்சள் மஞ்சளாகக் கழிந்தது. அடுத்த வாரமே மூன்று வயது மகளுக்கும் வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் கொடுத்துத் தெம்பைக் காப்பாற்றினோமே தவிர, பன்னிரண்டு நாள் நிற்கவில்லை. மலத்தைச் சாயம் போட்டுப் பார்த்த லேப்பில் ‘கிரிப்டோஸ்போரிடியம்’ என்று எழுதிக் கொடுத்தார்கள். குடலில் வளரும் ஒட்டுண்ணி.

குடிதண்ணீரை என்ன செய்வது என்று வீட்டில் மூன்று யோசனை ஓடியது. தொட்டியில் பிளீச்சிங் பவுடர் போடுவது, ஆர்ஓ மிஷின் வாங்குவது, அடுப்பில் கொதிக்க வைப்பது. நாங்கள் கொதிக்க வைக்கிறோம்.

செலவு, மெனக்கெடு பார்த்தால் பிளீச்சிங் பவுடரை எதுவும் மிஞ்சாது. காலரா, டைபாய்டு கிருமிகளுக்கு அது போதும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் எங்கள் வீட்டுக்கு வந்தது வேறு ஆள். மலத்திலோ சாணத்திலோ வெளியே வரும்போது இந்த ஒட்டுண்ணி கெட்டியான ஓட்டுக்குள் இருக்கிறது. குளோரின் அந்த ஓட்டை லேசில் தாண்டிப் போவதில்லை. லிட்டருக்கு 1 மில்லிகிராம் குளோரின் இருந்தால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் சில நிமிடங்களில் செத்துவிடும். இதைக் கொல்ல அதே அளவு குளோரின் பத்து நாளுக்கு மேல் குறையாமல் நிற்க வேண்டும். எங்கள் தொட்டி மூன்று நாளில் காலியாகிவிடும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 1993இல் ஏறக்குறைய 4 லட்சம் பேர் இந்த நோயில் படுத்தார்கள். அவர்கள் குடித்ததும் குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர்தான். வடிகட்டும் இடத்தில் தவறிப்போனதை குளோரினால் பிடிக்க முடியவில்லை. இதைப் படித்த அன்றே பிளீச்சிங் பவுடர் யோசனையை விட்டுவிட்டேன்.

இதற்கிடையில் அம்மா ஒரே பிடியாக நின்றார். “கன்னுக்குட்டியை வித்துடுடா, அதுகிட்ட இருந்துதான் புள்ளைக்கு வந்திருக்கு.” சட்டென்று மறுக்க முடியவில்லை. பிறந்து சில வாரமே ஆன கன்றுகளுக்கு இது அடிக்கடி வரும். அப்போது ஒரு கிராம் சாணத்திலேயே இந்த ஓட்டு உருண்டைகள் லட்சக்கணக்கில் வெளியேறும். மனிதருக்கு நோய் வரப் பத்து உள்ளே போனாலே போதும். ஆனால் கிரிப்டோவில் பல வகை உண்டு. ‘பார்வம்’ கன்றுக்கும் வரும், மனிதருக்கும் வரும். ‘ஹோமினிஸ்’ பெரும்பாலும் மனிதரிடமிருந்து மனிதருக்கே. நுண்ணோக்கியில் இரண்டுமே 5 மைக்ரான் அளவுள்ள சிவப்பு உருண்டைகள். மரபணுவைப் படித்தால்தான் பிரிக்க முடியும். பார்வத்துக்குள்ளேயும் ‘ஜிபி60’ என்ற மரபணுவை வைத்துக் கிளை பிரிக்கிறார்கள். அதில் ‘2ஏ’ கன்றுகளிடம் அதிகம் காணப்படுவது, ‘2சி’ மனிதருக்குள்ளேயே சுற்றுவது. மில்வாக்கியிலும் முதலில் மாட்டுச் சாணத்தைத்தான் சந்தேகப்பட்டார்கள். பிறகு நோயாளிகளின் மாதிரிகளில் மரபணு பார்த்தபோது தெரிந்தது மனித வகை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் குழந்தைகளிடம் செய்த ஆய்வுகளிலும் ஹோமினிஸ்தான் அதிகம்.

எங்கள் லேப் சீட்டில் வகை எதுவும் இல்லை. அதனால் கன்றை விற்கவில்லை. எந்த வகையாக இருந்தாலும் தண்ணீரில் நிச்சயமாகச் சாக வேண்டும் என்பதையே அளவாக வைத்துக்கொண்டேன். கொதி வந்து ஒரு நிமிடம் தளதளவென்று கொதித்தால் பார்வம், ஹோமினிஸ் இரண்டுமே காலி. வயிற்றுப்போக்கு தரும் இன்னொரு ஒட்டுண்ணியான ஜியார்டியாவும் அப்படியே.

சரி, ஆர்ஓ? இதுவும் தடுக்கும். ஐந்து மைக்ரான் உருண்டை, மிஷினுக்குள் தண்ணீரை வடிகட்டும் சவ்வு நல்ல நிலையில் இருந்தால் அதைத் தாண்டாது. நான் சொந்தமாக வைத்துப் பராமரித்ததில்லை, பக்கத்து வீட்டில் பார்த்ததை வைத்துச் சொல்கிறேன். அவர்களுக்கு உப்புத் தண்ணீர், ஃபில்டர் சீக்கிரம் அடைக்கிறது, மாற்றச் சொன்னால் ஆள் வர வாரக்கணக்காகிறது. ஆனாலும் அவர்கள் எடுத்த முடிவு அவர்களுக்குச் சரி. அவர்கள் குடிப்பது போர் தண்ணீர். தர்மபுரி, கிருஷ்ணகிரி போர் தண்ணீரில் ஃபுளோரைடு பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை, பிள்ளைகளின் கறை படிந்த பல்லைப் பார்த்தாலே போதும். ஆர்ஓ ஃபுளோரைடைப் பெருமளவு எடுத்துவிடும், கொதிக்க வைத்தால் அது போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட லிட்டருக்கு இத்தனை என்ற அளவு கொஞ்சம் ஏறத்தான் செய்யும். எங்கள் குழாயில் வருவது காவிரியிலிருந்து எடுக்கும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத் தண்ணீர். அது இல்லாவிட்டால் நானும் ஆர்ஓ-தான் வாங்கியிருப்பேன்.

கொதிக்க வைப்பதிலும் கஷ்டம் இருக்கிறது. கேஸ் செலவு, ஆறும்வரை காத்திருப்பது. எல்லாவற்றையும்விட, ஆறிய பிறகு கை படாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரிய வேலை. குடத்தில் சொம்பை விட்டு மொண்டால் செய்ததெல்லாம் வீண். அதனால் குழாய் வைத்த எவர்சில்வர் டிரம் ஒன்று வாங்கினோம். இரவு கொதிக்க வைத்துக் காலையில் ஊற்றி மூடிவிடுவோம்.

தண்ணீர் வழி அடைபட்டது. கன்று வழி திறந்தேதான் இருக்கிறது, அதற்கு அடுப்பு உதவாது. சானிடைசரும் இந்த ஓட்டை ஒன்றும் செய்யாது. சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால்தான் கையை விட்டுப் போகும். ஈரம் காய்ந்தால் இது பிழைக்காது என்பதால் கன்றை வெயில் விழும் மேட்டுக்கு மாற்றிக் கட்டினேன். கழிச்சல் நின்ற பிறகும் சில வாரம் மகளை அந்தப் பக்கம் விடவில்லை. இப்போது போகிறாள், திரும்பி வந்ததும் சோப்பை எடுத்துக்கொண்டு அம்மாவே வாசலில் நிற்கிறார்.