லீவுக்கு வந்த இடத்துல ஒரு செப்சிஸ்

லண்டன்லேர்ந்து கும்பகோணம் வந்து எட்டு நாள் தான் ஆச்சு, அம்மாவுக்கு நடுக்கத்தோட காய்ச்சல். பக்கத்து கிளினிக்ல ஒரு ஊசி போட்டு வைரல்னு அனுப்பிட்டாங்க. மறுநாள் காலைல என்னப் பாத்து "எப்பப்பா வந்தே?"ங்குறாங்க. அண்ணி தான் "இது சரியில்ல தம்பி, கார எடுங்க"ன்னாங்க.

தஞ்சாவூர்ல ஒரு தனியார் ஆஸ்பத்திரி. கேஷுவாலிட்டி டாக்டர் எந்த ரிப்போர்ட்டுக்கும் காத்திருக்கல. மூச்ச எண்ணினார், பிரஷர் மேல 90 கூட இல்ல, நகத்த அழுத்தி விட்டு சிவப்பு திரும்ப எவ்ளோ நேரம் ஆகுதுன்னு பாத்தார், யூரின் இன்ஃபெக்‌ஷன் ரத்தத்துல ஏறின மாதிரி இருக்கு, செப்சிஸ்னார், அதாவது தொற்ற எதிர்க்கப் போய் உடம்பு தன் உறுப்புகளயே கெடுத்துக்குற ஆபத்தான நிலம. மணிக்கட்டு நாடில எடுத்த ரத்தத்துல லாக்டேட் 4.1 (உடம்புக்கு ரத்த ஓட்டம் பத்தலன்னா கூடுற ஒண்ணு), மெஷின் சில நிமிஷத்துலயே சொல்லிடுச்சு, 2 தாண்டினாலே உஷாராகணுமாம். ரெண்டு கைலயும் தனித்தனியா குத்தி, ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்குற கல்ச்சர் பாட்டில் நிரப்பின உடனே ஆன்டிபயாடிக் ஏத்திட்டாங்க. நேத்து போட்டது என்ன ஊசின்னு கேட்டார், சீட்டுல எழுதவே இல்ல. "ஆன்டிபயாடிக்கா இருந்தா பாட்டில்ல கிருமி வளராம போகலாம் சார், அப்புறம் எந்த மருந்து கேக்கும்னு ஊகம் தான்"னார்.

இதுக்கு நடுவுல கவுன்டர்ல புரோகால்சிடோனின்னு ரத்தத்துல ஒரு புரதத்த அளக்குற டெஸ்டுக்கு காசு கட்ட சொன்னாங்க, எனக்கு உள்ளூர கோவம், வெளிநாட்டு ஆளுன்னு தீட்டுறாங்களோன்னு. லண்டன்ல கேள்விப்பட்டதே இல்லயேன்னு தேடினா, செப்சிஸ் கண்டுபிடிக்க இத வழக்கமா போடுறதுக்கு ஆதாரம் போதலன்னு 2015லயே எந்த டெஸ்ட், மருந்து போடலாம்னு அங்க வழிகாட்டுற நைஸ் (NICE) அமைப்பு சொல்லியிருக்கு. டாக்டர்ட்டயே கேட்டுட்டேன். மனுஷன் கோவிக்கல. இது கூடியிருந்தா பாக்டீரியான்னு சந்தேகம் பலமாகும், ஆனா பெரிய ஆபரேஷனுக்கு அப்புறமும் கூடும், கம்மியா இருக்குன்னு இந்த நிலமைல மருந்த நிறுத்தி வைக்கவும் மாட்டேன், எறங்குதான்னு பாக்க தான் எனக்கு வேணும்னார். முதல் நாள் 18, மூணாம் நாள் 5. அம்மாவும் அன்னிக்கு தான் காபில சக்கர பத்தலன்னு சண்ட போட்டாங்க.

ரிப்போர்ட் எல்லாம் வாட்ஸப்ல பிடிஎஃப்பா வந்து விழுது, அந்த வேகத்துக்கு நூத்துக்கு நூறு. அட்வான்ஸ் கட்டுற க்யூவுக்கு மார்க் கிடையாது.

அஞ்சாம் நாள் ரத்தக் கல்ச்சர் வந்துச்சு, ஒண்ணும் வளரல. அண்ணன் அந்த கிளினிக்குக்கே போய் அன்னிக்கு என்ன தான் போட்டீங்கன்னு கேட்டிருக்கார். "காய்ச்சலுக்குப் போடுற ஊசி தாங்க"ன்னாங்களாம்.