ஆற்றுக்குத் தெற்கே நகரம், வடக்கே கிராமம்: வட சென்னைத் தொண்டு நிறுவனம் எந்தக் கதவைத் தட்டுவது?

எண்ணூர் நிலையத்தை விட்டுக் கும்மிடிப்பூண்டி நோக்கிச் செல்லும் மின்தொடர் வண்டி, கொசஸ்தலை ஆற்றைக் கடந்ததும் நிற்கும் முதல் நிலையம் அத்திப்பட்டு புதுநகர். ஆற்றுக்குத் தெற்கே இருப்பவர்கள் சென்னை மாநகராட்சிக்கு வரி கட்டுகிறார்கள். வடக்கே இருப்பவர்கள் திருவள்ளூர் மாவட்டம், மீஞ்சூர் ஒன்றியத்தின் ஊராட்சிகளில் வாழ்கிறார்கள். இரு கரையிலும் ஒரே கழிமுகத்து இறாலை நம்பித்தான் பல குடும்பங்களின் அடுப்பு எரிகிறது. திருவொற்றியூரிலோ தண்டையார்பேட்டையிலோ ஒற்றை அறையில் அலுவலகம் வைத்துக்கொண்டு இரு கரையிலும் வேலை செய்யும் சிறிய தொண்டு நிறுவனம் நிதி கேட்கப் புறப்படும்போது, கிராமப்புறத்துக்கென்றே இயங்கும் சமுதாய நிதி அறக்கட்டளைக்கு விண்ணப்பிப்பதா, மணலி, எண்ணூர்த் தொழிற்சாலைகளின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்புச் செலவு) பிரிவை அணுகுவதா என்ற கேள்வி முதலில் எழுகிறது. இரண்டுக்கும் ஒரே விண்ணப்பத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்புகிறவர்களைப் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறேன். நானும் ஒரு காலத்தில் அப்படி அனுப்பியவன்தான் என்பதால் இந்த அலசலை எழுதத் துணிகிறேன்.

சமுதாய நிதி அறக்கட்டளை என்பது ஒரு பணக்காரக் குடும்பமோ ஒரு கம்பெனியோ தனியாக நடத்துவதன்று. ஒரு வட்டாரத்தின் நலனுக்காகப் பலரிடம் சிறிதும் பெரிதுமாகத் திரட்டிய பணத்தைப் பொதுவில் வைத்து, அதன் வருவாயிலிருந்தோ ஆண்டுதோறும் வரும் நன்கொடையிலிருந்தோ உள்ளூர் அமைப்புகளுக்கு நல்கை வழங்குவது அதன் முறை. 1914ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் பிரெடரிக் கோஃப் என்ற வங்கியாளர் தொடங்கியதே இவ்வகையில் முதலாவது. நம் நாட்டுச் சட்டத்தில் இப்படியொரு தனி வகை கிடையாது; இங்கே அது அறக்கட்டளையாகவோ, சங்கமாகவோ, லாப நோக்கமற்ற எட்டாம் பிரிவுக் கம்பெனியாகவோதான் பதிவாகியிருக்கும். கிராமத்துக்கென்று இயங்குபவை பெரும்பாலும் சொந்த ஊரை விட்டு வெளியே போய்ச் சம்பாதித்தவர்களின் பணத்தையும் அவர்களின் ஊர்ப்பற்றையும் சேர்த்தே சுமக்கின்றன. ஆகவே அங்கே முடிவெடுக்கும் குழுவில் இருப்பவருக்கு உங்கள் ஊர் தெரிந்திருக்க வாய்ப்புண்டு. அது வசதியும்தான், ஆபத்தும்தான்.

சி.எஸ்.ஆர். பணத்தின் ஊற்றுக்கண் வேறு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், பிரிவு 135இன்படி, 500 கோடி ரூபாய் நிகர மதிப்போ, 1,000 கோடி ரூபாய் விற்றுமுதலோ, 5 கோடி ரூபாய் நிகர லாபமோ உள்ள கம்பெனி, முந்தைய மூன்றாண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். தொழிற்சாலை இயங்கும் வட்டாரத்துக்கு முன்னுரிமை தரும்படியும் அதே பிரிவு சொல்கிறது. மணலியிலும் எண்ணூரிலும் உள்ள ஆலைகளையும் துறைமுகங்களையும் எண்ணிப் பார்த்தால், இந்த ஒரு வரிக்காகவே வட சென்னைக்காரர்கள் அந்தக் கதவைத் தட்டுவது இயல்பு.

முதல் வேறுபாடு, ‘கிராமம்’ என்ற சொல்லில் தொடங்குகிறது. 2011 அக்டோபரில் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, இடையஞ்சாவடி, சடையங்குப்பம், கடப்பாக்கம் போன்ற ஊராட்சிகள் ஒரே நாளில் மாநகரின் வார்டுகளாயின. எருமைகள் மேய்வதும், மழைக்காலத்தில் தெரு துண்டிக்கப்படுவதும் மாறவில்லை. ஆனால் ஊராட்சிகளுக்கு மட்டுமே உரிய நூறு நாள் வேலை நின்றது, கிராம சபை நின்றது. 2018இல் சென்னை மாவட்டத்தின் எல்லையும் மாநகராட்சியின் எல்லையோடு ஒன்றாக்கப்பட்டதால், முகவரியில் இருந்த திருவள்ளூர் என்ற பெயரும் போயிற்று. கிராமப்புற நிதி அறக்கட்டளையின் விண்ணப்பப் படிவத்தில் ‘ஊராட்சி, ஒன்றியம்’ என்ற இரண்டு கட்டங்கள் இருந்தால், இந்த ஊர்க்காரர்களிடம் அவற்றை நிரப்ப எதுவும் இல்லை.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். மாலைநேரப் படிப்பகங்கள் மூன்றுக்கு நிதி கேட்டு, கிராமப்புறத்துக்கென்று இயங்கும் ஓர் அறக்கட்டளைக்கு ஒரே விண்ணப்பமாக அனுப்பினோம். இரண்டு படிப்பகங்கள் மணலி மண்டலத்து வார்டுகளிலும், ஒன்று ஆற்றுக்கு வடக்கேயும் இருந்தன. பதினைந்து பக்கத்தில் பிள்ளைகளின் நிலையை உருக்கமாக எழுதியிருந்தோம். ஐந்து மாதம் கழித்து இரண்டு வரிப் பதில் வந்தது: பயனாளிகளில் பெரும்பான்மையோர் மாநகராட்சி எல்லைக்குள் இருப்பதால் பரிசீலிக்க இயலவில்லை. அந்த நேரத்தில் கோபம் வந்தது உண்மை. பிறகு யோசித்தபோது, தொலைபேசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் தீர்ந்திருக்கும் காரியத்துக்காக ஐந்து மாதத்தை நாங்களே வீணாக்கினோம் என்பது விளங்கியது. ‘உங்கள் கணக்கில் கிராமம் என்றால் எது?’ என்பதே அந்தக் கேள்வி. சில அமைப்புகள் ஊராட்சி எல்லையைப் பார்க்கின்றன. சில, மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வகைப்பாட்டைப் பார்க்கின்றன. பேரூராட்சியையும் சேர்த்துக்கொள்பவை உண்டு. மீஞ்சூர் பேரூராட்சி, பொன்னேரி நகராட்சி, பழவேற்காடு ஊராட்சி. ஒரே சாலையில் போனாலும் பதில் மூன்று விதமாக இருக்கலாம்.

சி.எஸ்.ஆர். பக்கம் இந்தச் சிக்கல் அநேகமாக இல்லை. சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் கிராம வளர்ச்சியும் குடிசைப்பகுதி மேம்பாடும் தனித்தனியாகவே இடம்பெற்றிருப்பதால், ஆற்றின் எந்தப் பக்கம் இருந்தாலும் கம்பெனிக்குக் கணக்குக் காட்ட வழியுண்டு. அங்கே பார்ப்பது வேறு: நிறுவனத்துக்கு வருமான வரித்துறையில் 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) என்று நாம் பழகிய பதிவுகள் இருக்கின்றனவா, 2021 ஏப்ரல் முதல் கட்டாயமாகிவிட்ட, சி.எஸ்.ஆர். பணம் பெறும் அமைப்புகளுக்கான சி.எஸ்.ஆர்.-1 படிவத்தின் பதிவு எண் இருக்கிறதா, அதே வகை வேலையில் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உண்டா. இவற்றில் ஒன்று குறைந்தாலும், அதிகாரி எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கோப்பு நகராது. தொடங்கி ஓராண்டே ஆன குழுவுக்கு இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கிறது. நிதி அறக்கட்டளையோ சட்டப்படி அப்படிக் கட்டுண்டதன்று. அனுபவம் குறைந்த குழுவுக்கும் சிறு தொகையாகக் கொடுத்துப் பார்க்க அதன் அறங்காவலர்கள் மனம் வைத்தால் போதும்.

எதற்குப் பணம் கிடைக்கும் என்பதில்தான் இரண்டும் மிகவும் விலகுகின்றன. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரம், பள்ளிக் கழிப்பறை, மேசை நாற்காலி, கருவாடு உலர்த்தும் மேடை என்று புகைப்படத்தில் நிற்கக்கூடிய பொருள்களுக்கு சி.எஸ்.ஆர். பணம் எளிதில் வருகிறது. திறப்பு விழாவும் பெயர்ப்பலகையும் அதில் அடக்கம். படிப்பகத்தில் பாடம் சொல்லும் பெண்ணுக்கு மாதச் சம்பளம் என்று கேட்டால் மட்டும் முகம் மாறும். ‘நிர்வாகச் செலவு 5 விழுக்காட்டுக்கு மேல் கூடாது’ என்று விதியைக் காட்டுவார்கள். அந்த விதியைப் பலர் தவறாகவே படிக்கிறார்கள். 5 விழுக்காடு என்ற வரம்பு, கம்பெனி தன் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தச் செய்யும் பொது நிர்வாகச் செலவுக்கு உரியது. ஒரு திட்டத்தை வடிவமைக்கவும் நடத்தவும் கண்காணிக்கவும் நேரடியாக ஆகும் செலவு அதில் சேராது என்று விதியின் வரையறையே சொல்கிறது. களப்பணியாளரின் சம்பளம் திட்டச் செலவுதான். வரவுசெலவுத் திட்டத்தில் அதை ‘நிர்வாகம்’ என்ற தலைப்பில் எழுதாமல், ‘48 பிள்ளைகளுக்கு 10 மாதம் கற்பித்தல்’ என்று செயலோடு சேர்த்து எழுதினால் பாதிப் பிரச்சினை தீரும். மீதிப் பாதி, எதிரில் இருப்பவரின் பழக்கத்தைப் பொறுத்தது.

கிராமப்புற நிதி அறக்கட்டளை இந்த இடத்தில்தான் எனக்கு உயர்வாகத் தெரிகிறது. கட்டடம் கட்டுவதற்கு அதனிடம் பெரும்பாலும் பணம் இருக்காது. ஆள் நிற்க வேண்டும் என்பதை அது புரிந்துகொள்ளும். இரண்டு களப்பணியாளர்களுக்கு மாதம் 12,000 ரூபாய் வீதம் ஆண்டுக்கு 2,88,000 ரூபாய் என்று கேட்டால், அவர்கள் எந்தக் கிராமத்தில் எத்தனை நாள் இருப்பார்கள், எப்படிப் போய் வருவார்கள் என்று திரும்பக் கேட்பார்களே தவிர, சம்பளம் என்பதற்காகவே தள்ள மாட்டார்கள். அதே வேளையில் தொகை சிறியது, கேள்வி அதிகம். 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டத்துக்குப் பிறகு, ஓர் அறக்கட்டளை இன்னோர் அறக்கட்டளைக்குக் கொடுக்கும் நன்கொடையில் 85 விழுக்காடு மட்டுமே அறப்பணிக்குச் செலவானதாக ஏற்கப்படுகிறது. நூறு ரூபாய் கொடுத்துவிட்டு எண்பத்தைந்துக்குக் கணக்குக் காட்டும் நிலையில் இருப்பவர் ஒவ்வொரு ரூபாயையும் துருவிக் கேட்பதில் வியப்பில்லை. மூலதன நிதியாகக் கொடுத்தால் அந்த 85கூட ஏற்கப்படாது. எனவே ‘எங்கள் நிரந்தர வைப்புக்கு உதவுங்கள்’ என்று அங்கே கேட்பது வீண்.

வெளிநாட்டுப் பணம் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அமெரிக்கச் சமுதாய அறக்கட்டளைகள் பற்றி இணையத்தில் படித்துவிட்டு, ‘வெளிநாட்டுப் பணம் பெறும் பதிவு நம்மிடம் இல்லாவிட்டால் பதிவுள்ள இன்னோர் அமைப்பின் வழியாகப் பெற்றுக்கொள்ளலாம்’ என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அங்கே அது வழக்கத்தில் உள்ள முறைதான். இங்கே 2020 செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடையை ஒழுங்குபடுத்தும் எஃப்.சி.ஆர்.ஏ. சட்டம் திருத்தப்பட்ட பின், வெளிநாட்டு நன்கொடையைப் பெற்ற அமைப்பு அதை வேறெந்த அமைப்புக்கும் மாற்றித் தர முடியாது; பெறுபவரிடம் அதே பதிவு இருந்தாலும் முடியாது. நேரடியாகப் பெறுவதென்றால் சொந்தப் பதிவும், புது தில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் கணக்கும் வேண்டும். ஆகவே சொந்த ஊரை மறக்காத வெளிநாட்டுத் தமிழர்களின் ஆதரவில் நடக்கும் நிதி அறக்கட்டளையை அணுகும்போது, எங்களுக்குத் தரப்போகும் தொகை உள்நாட்டு நன்கொடையா என்று முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. நல்ல அமைப்பு அந்தக் கேள்வியைப் பாராட்டும்.

மூன்றாவது வழியான நபார்டை (தேசிய வேளாண், ஊரக வளர்ச்சி வங்கி) நீளமாக அலசத் தேவையில்லை. மகளிர் குழுக்களுக்கான எம்.இ.டி.பி., எல்.இ.டி.பி. போன்ற தொழிற்பயிற்சித் திட்டங்கள் நல்லவைதான். ஆனால் அங்கே நீங்கள் உங்கள் திட்டத்தை முன்வைப்பதில்லை. அவர்களுடைய திட்டத்தை நடத்திக் கொடுக்கிறீர்கள். பணம் கட்டங்கட்டமாக வரும் என்பதால், இரண்டு மாதச் செலவைக் கையிலிருந்து தாங்க முடியாத அமைப்பு அதில் இறங்குவதற்கு முன் யோசிப்பது நல்லது.

பணத்தின் மணத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் படர்ந்தபோது, வலையும் படகும் கறுத்துப்போய் மீனவர்கள் கரையில் நின்றதை இந்தப் பகுதியில் யாரும் மறக்கவில்லை. கழிமுகத்தை நம்பி வாழ்பவர்களோடு வேலை செய்யும் அமைப்பு, அதே கரையிலுள்ள ஆலைகளின் பணத்தை வாங்கினால், மறுநாள் ஊர்க்கூட்டத்தில் எந்தப் பக்கம் உட்காருவது என்ற கேள்வி வரும். வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பள்ளிக் கழிப்பறைக்கு வாங்கியவர்களை ஊர் குறை சொன்னதும் இல்லை. வாழ்வாதாரம், நிலம், நீர் தொடர்பான பணி என்றால், அதற்கு மட்டும் நிதி அறக்கட்டளையை நாடுவதே பாதுகாப்பு என்பது என் எண்ணம். அங்கேயும் நன்கொடையாளர் பட்டியலை ஒருமுறை வாசித்துவிடுங்கள். அதே ஆலைகளின் மேலாளர்கள் அதில் இருப்பதும் உண்டு.

விண்ணப்பிக்கும் முறையில், கிராமப்புற நிதி அறக்கட்டளைக்கு முதலில் அனுப்ப வேண்டியது ஓரிரு பக்கக் கடிதம் மட்டுமே. எந்த ஊராட்சி, எத்தனை குடும்பம், என்ன செய்யப்போகிறோம், எவ்வளவு வேண்டும், எங்கள் பங்கு என்ன என்ற ஐந்துக்கும் அதில் பதில் இருந்தால் போதும். அவர்கள் அழைத்த பிறகு முழு விண்ணப்பம், மூன்றாண்டுத் தணிக்கை அறிக்கை, தர்ப்பண் எண் (தொண்டு நிறுவனங்களுக்கான அரசின் இணையதளப் பதிவு எண்) ஆகியவை. இவற்றைவிட எடையுள்ள காகிதம் ஒன்று உண்டு: கிராம சபைத் தீர்மானம். நம் மாநிலத்தில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கிராம சபை கூடுகிறது. விண்ணப்பக் கடைசித் தேதிக்கு முன்னால் வரும் கூட்டத்தில் உங்கள் பணியைப் பற்றி ஊர் மக்களே பேசித் தீர்மானம் போட்டால், பத்துப் பக்க விளக்கத்தைவிட அது அதிகம் பேசும். திருவள்ளூர் மாவட்ட ஊராட்சிகளில் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, தலைவரின் கடிதத்தை மட்டும் நம்பியிருந்தவர்கள் தடுமாறினார்கள். தீர்மானமும் மகளிர் குழுக் கூட்டமைப்பின் கடிதமும் வைத்திருந்தவர்களுக்குச் சிக்கல் வரவில்லை.

கம்பெனிக்கு இந்தத் தீர்மானம் அவ்வளவு முக்கியமன்று. அங்கே காலண்டர்தான் எசமானன். நிதியாண்டு மார்ச் 31இல் முடிவதால், ஜனவரிக்குப் பிறகு திடீரென்று ‘பத்து நாளில் திட்டம் கொடுங்கள்’ என்று அழைப்பு வருவது வாடிக்கை. மதிப்பீட்டுப் பட்டியல், இடத்தின் அனுமதிக் கடிதம், மூன்று விலைப்புள்ளி ஆகியவற்றை டிசம்பரிலேயே ஆயத்தமாக வைத்திருப்பவருக்குத்தான் அந்த அவசரம் பயன்படும். நிதி அறக்கட்டளையில் ஆறு மாதம் காத்திருந்து பெறுவதை இங்கே ஆறு வாரத்தில் பெற்றவர்கள் உண்டு. அடுத்த ஆண்டு அதே அதிகாரி மாற்றலாகிப் போனதும், முன்பின் தெரியாதவரிடம் முதல் அத்தியாயத்திலிருந்து தொடங்கியவர்களும் அவர்களேதான்.

ஆக, என் தேர்வு இதுதான்: ஆற்றுக்கு வடக்கே வேலை உள்ளவர்கள், அந்தப் பகுதியின் ஆள் செலவுக்கு நிதி அறக்கட்டளையை முதலில் அணுகலாம்; கருவிக்கும் கட்டடத்துக்கும், மாநகராட்சி வார்டுகளில் நடக்கும் பணிக்கும் சி.எஸ்.ஆர். கதவைத் தட்டலாம். மணலியின் வார்டுகளைக் கிராமமாக ஒப்பனை செய்து காட்ட வேண்டாம். கள ஆய்வுக்கு வருகிறவர் வீட்டு வரி ரசீதைக் கேட்டாலே விஷயம் வெளிப்பட்டுவிடும். இரு வழியிலும் பணம் வந்துவிட்டால், முதல் நாளிலிருந்தே இரண்டு பேரேடு, இரண்டு வவுச்சர் கோப்பு என்று பிரித்து வையுங்கள். ஒரே ஆட்டோ வாடகை ரசீதை இரண்டு பயன்பாட்டுச் சான்றிதழிலும் காட்டியதால், பத்தாண்டு நல்ல பெயரை ஒரே தணிக்கையில் இழந்த அமைப்பு ஒன்றை எனக்குத் தெரியும். அந்த ரசீதின் தொகை 340 ரூபாய்.