தூக்க மாத்திரையோடு சில ஆண்டுகள்: குளோனசெபமும் சோல்பிடமும்

உறக்கம் அடியோடு கெட்டிருந்த காலத்தில் மனநல மருத்துவர் எனக்கு முதலில் எழுதிக் கொடுத்தது குளோனசெபம் 0.5 மி.கி. சில வாரங்களுக்கு மட்டும் என்று தொடங்கியது ஆண்டுக்கணக்கில் நீண்டது. தூக்கம் வந்ததா என்றால், வந்தது. அதில் குறை சொல்வதற்கில்லை. ஆனால் இம்மருந்தின் அளவு உடலில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 30 முதல் 40 மணி நேரம் பிடிக்கும் என்பதால், நேற்றைய மாத்திரை முழுதாக வெளியேறுவதற்குள் இன்றைய மாத்திரை உள்ளே போய்விடுகிறது. முற்பகல் முழுவதும் தலை கனத்துக் கிடக்கும். கைப்பிடியைப் பற்றாமல் மாடிப்படி இறங்கத் துணிவு வராது. வயதானவர்களுக்கு இவ்வகை மாத்திரைகளைக் கூடியவரை தவிர்க்கச் சொல்வது, தடுமாறி விழுந்து இடுப்பு எலும்பு முறியும் ஆபத்தைக் கருதியும்தான் என்பது அப்போது எனக்கு நன்றாகவே விளங்கியது.

பகல் மந்தத்தைச் சொன்னதும், மருத்துவர் குளோனசெபத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்துச் சோல்பிடத்துக்கு மாற்றினார். அது இரண்டரை மணி நேர அளவிலேயே பாதியாகிவிடும். காலையில் தலை தெளிவாக இருந்தது. ஆனால் ஒருநாள் விடிந்ததும், இரவில் நான் எழுந்து பால் காய்ச்சி, டம்ளரில் ஆற்றிக் குடித்து, என்ன செய்கிறீர்கள் என்று கேட்டதற்குப் பதிலும் சொன்னதாக மனைவி கூறினார். கழுவாத பாத்திரம் அடுப்பில் இருந்தது. எனக்கோ அதில் ஒரு துளியும் நினைவில்லை. அடுப்பை அணைத்திருந்தேன் என்பதுதான் ஆறுதல். தூக்கத்திலேயே நடப்பதும் வண்டி ஓட்டுவதும்கூட நேர்ந்திருப்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2019இல் இம்மருந்துக்கு மிகக் கடுமையான எச்சரிக்கையைக் கட்டாயமாக்கியது. பெண்களின் உடலிலிருந்து இது மெதுவாகவே வெளியேறுகிறது என்பதால், அவர்களுக்கான தொடக்க அளவை 2013இலேயே 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகக் குறைத்திருந்தது.

சோல்பிடம் நம் நாட்டில், விற்பனைக்குக் கூடுதல் கட்டுப்பாடுள்ள மருந்துகளின் எச்1 பட்டியலில் உள்ளது. மருத்துவர் சீட்டைப் பார்த்து, பெயரைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டுதான் மருந்துக்கடையில் தரவேண்டும். குளோனசெபத்துக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும். பழகிய முகம் என்பதற்காகச் சீட்டில்லாமலே அட்டையை நீட்டும் கடைக்காரர் உதவி செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. மதுவோடு இவ்விரண்டு மாத்திரைகளையும் சேர்த்தால் மூச்சே தடைப்படலாம்; கோடீன் என்ற அபின் வகைப் பொருள் கலந்த இருமல் மருந்துக்கும் இது பொருந்தும்.

நிறுத்துவதுதான் எல்லாவற்றிலும் கடினம். அளவைக் குறைத்தவுடன் பழைய தூக்கமின்மை முன்னைவிட வேகமாகத் திரும்பும்; மாத்திரை இல்லாமல் தூங்கவே முடியாது என்று மனம் அதற்குப் பொருள் கொள்ளும். உண்மையில் அது பெரும்பாலும் மருந்து விலகுவதன் விளைவு, நாளடைவில் தணிகிறது. நீண்டகாலம் எடுத்த குளோனசெபத்தை ஒரேயடியாக விட்டால் வலிப்பு வரவும் கூடும் என்பதால், மருத்துவர் சொன்ன கணக்கில்தான் குறைக்க வேண்டும். சோல்பிடத்தையும் எனக்கு அப்படித்தான் குறைத்தார்கள். கூடவே, தூக்கம் வந்தால் மட்டும் படுப்பது, எப்படித் தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது என்ற நடத்தைச் சிகிச்சையையும் உளவியலாளர் ஒருவர் கற்றுத் தந்தார். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தரவேண்டியதே அதுதான் என்கிறார்கள்; எனக்கு அது கடைசியில்தான் கிடைத்தது.